கண்மாய் வரலாறு ஒரு செமஸ்டரில் முடியுமா?

கேள்வி, ஜூன் 9

வட்டார ஆய்வுத் துறையில் போஸ்ட்டாக் (முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஒப்பந்த ஆய்வாளர்). ஒப்பந்தம் பதினோரு மாதம், ஏப்ரலில் முடிகிறது. புதுக்கோட்டை மாவட்டத்தில் கண்மாய் வரலாறு தொகுக்கும் பாடம் ஒன்றை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். 4 கிரெடிட், 24 முதுகலை மாணவர்கள். ஆறு ஊர், ஊருக்கு நாலு பேர், ஊருக்குப் பத்து நேர்காணல், கடைசியில் கல்லூரியில் ஒரு கண்காட்சி, ஒரு புத்தகம் என்று திட்டம் போட்டிருக்கிறேன். 1858 குடிமராமத்துச் சட்டத்திலிருந்து தொடங்கலாமா? நடக்குமா?

பதில், ஜூன் 9, இரவு

ஆறு ஊர் நடக்காது. ஒரு ஊர், ஒரு கண்மாய், பன்னிரண்டு நேர்காணல் என்றால் நடக்கும்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். 60 நேர்காணல், ஒன்று ஒரு மணி நேரம் என்றால் 60 மணி நேர ஒலிப்பதிவு. பேச்சை அப்படியே எழுத ஒரு மணி நேரத்துக்கு எட்டு மணி நேரம் பிடிக்கும். 480 மணி நேரம். மாணவருக்கு 20 மணி நேரம்தானே என்று தோன்றும். ஆனால் அந்த 60 மணி நேரத்தையும் ஒருவர் முழுக்கக் கேட்டு, ஊர்ப்பெயர், ஆள்பெயர், மடைப்பெயர் எல்லாம் சரியா என்று பார்க்க வேண்டும். அந்த ஒருவர் நீங்கள். வேறு வகுப்புகளும் உங்கள் தலையில்தான். பத்தாவது வாரத்தில் பாதிப் பதிவு கேட்கப்படாமல் கிடக்கும், கேட்காத பதிவிலிருந்து எடுத்த வரி கண்காட்சிப் பலகையில் ஏறிவிடும்.

4 கிரெடிட்டில் 2 வகுப்பறைக்கு, 2 களத்துக்கு என்று பிரியுங்கள். யுஜிசி கணக்கில் வகுப்பறைக் கிரெடிட்டுக்கு 15 மணி நேரம், களப்பணிக் கிரெடிட்டுக்கு 30. ஆக 30 + 60. அந்த அறுபதில் பஸ் பயணத்தைச் சேர்க்காதீர்கள். சேர்த்தால் ஊரில் நிற்க நேரமே மிஞ்சாது.

ஜூன் 10

1858 பற்றி. அது சென்னை மாகாணச் சட்டம். கரை உடைப்பெடுத்தால் ஊராரை வேலைக்குக் கூப்பிடவும், வழக்கமாகச் செய்யும் மராமத்தைச் செய்ய வைக்கவும் போட்ட சட்டம். உங்கள் ஊர் புதுக்கோட்டை சமஸ்தானத்துக்குள் இருந்திருந்தால் அந்தச் சட்டத்துக்கு அங்கே வேலையே இல்லை. கண்மாய் என்றாலே 1858ஐ எழுதிவிடும் பழக்கம் பல பலகைகளில் இருக்கிறது.

முதலில் கேட்க வேண்டியது, ஊர் யார் ஆளுகையில் இருந்தது என்பதை. புதுக்கோட்டை சமஸ்தானத்துக்கு மூன்றே தாலுகா: ஆலங்குடி, குளத்தூர், திருமயம். 1948 மார்ச்சில் இந்தியாவோடு சேர்ந்து திருச்சி மாவட்டத்துக்குள் போனது. இன்றைய மாவட்டம் 1974 ஜனவரி 14இல் பிறந்தது, அப்போது தஞ்சாவூரிலிருந்து அறந்தாங்கிப் பக்கம் வந்து ஒட்டியது. அறந்தாங்கிப் பக்கத்து ஊருக்குத் தர்பார் (சமஸ்தான அரசு) கோப்புகளில் தேடினால் கிடைக்காது. தஞ்சாவூர் ஜில்லா ஆவணங்களில் தேட வேண்டும். இன்றைய தாலுகா பெயரை வைத்துப் பழைய அட்டவணையில் தேடுவதும் வீண்வேலை. சமஸ்தானம் 1929இல் வெளியிட்ட கல்வெட்டுத் தொகுப்பும் அன்றைய பிரிவுகளோடுதான் பேசும்.

முதல் இரண்டு வார வகுப்புக்கு இது ஒன்றே போதும். ஊரின் 'அ' பதிவேடு (சர்வே எண்வாரி நில விவரம்), புல வரைபடம், அதற்கு முந்தைய செட்டில்மெண்டுப் பதிவேடு மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்து ஒரே சர்வே எண்ணைத் தேடச் சொல்லுங்கள். பழைய எண்ணும் புது எண்ணும் ஒத்துவராமல் முழிக்கும் அந்த ஒரு மணி நேரத்தில் அவர்கள் கற்றுக்கொள்வது நிறைய.

இன்னொன்று: ஆயக்கட்டு (கண்மாய்த் தண்ணீர் பாயும் நிலம்) நூறு ஏக்கருக்கு, அதாவது 40 ஹெக்டேருக்கு மேல் இருந்தால் கண்மாய் நீர்வளத் துறைக்கு (பழைய பொதுப்பணித் துறை). அதற்குக் கீழே ஊராட்சி ஒன்றியத்துக்கு. எந்த அலுவலகத்தில் கடிதம் கொடுப்பது என்பது இதில் இருக்கிறது. துறைத் தலைவர் கையெழுத்தோடு போங்கள். போஸ்ட்டாக் கையெழுத்தைப் பதிவறையில் மதிக்க மாட்டார்கள்.

ஜூன் 12

பருவம். செமஸ்டர் ஜூலையில் தொடங்கி நவம்பரில் முடியும். கண்மாய்க்கு வேறு காலண்டர். ஜூலையில் உள்வாய் (கண்மாய்க்குள் தண்ணீர் நிற்கும் பரப்பு) காய்ந்து கிடக்கும், மடையின் அடிவரை பார்க்கலாம். ஐப்பசி பிறந்தால் அடைமழை, கரைமேல் நடக்கவே முடியாது. செமஸ்டர் கடைசியில் கண்காட்சி என்று வைத்தால் மழைக்குள் வைக்கிறீர்கள்.

கிராமசபை நாட்களைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஆகஸ்ட் 15இல் ஊரில் சொல்லிவிட்டு நேர்காணலைத் தொடங்குவது. அக்டோபர் 2இல் ஊருக்குக் காட்டுவது. ஜனவரி 26இல் ஒப்படைப்பது. ஏப்ரலில் நீங்கள் கிளம்புகிறீர்கள், அதனால் இந்த மூன்றாவது நாளைத்தான் முதலில் குறிக்க வேண்டும்.

நூறு நாள் வேலை இருக்கும் ஊரில் பெண்கள் பிற்பகல் வரை வீட்டில் இருக்க மாட்டார்கள். காலை பத்து மணிக்கு வேனில் போய் இறங்கினால் கிடைப்பவர்கள் திண்ணையில் இருக்கும் ஆண்கள் மட்டும். மாலை நாலரைக்குப் போங்கள்.

ஜூன் 15

நடை. நேர்காணலுக்கு முன்னால் ஒரு முழு நாள். வரத்துக் கால்வாயின் வாயில் தொடங்கி, உள்வாய், கரை, கலிங்கு (மிகுதி நீர் வழியும் இடம்), மடைகள், அப்புறம் வாய்க்கால் வழியே கடைமடை வரை. கடைமடையை விட்டுவிட்டால் வரலாற்றில் பாதி போச்சு. தண்ணீர் வராதவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள்.

ஒவ்வொரு மடைக்கும் மூன்று பெயர் எழுத இடம் விடுங்கள்: துறைக் கணக்கில் உள்ள எண், கரைக்கு இந்தப் பக்கத் தெரு சொல்லும் பெயர், அந்தப் பக்கத் தெரு சொல்லும் பெயர். மூன்றும் ஒன்றாக இருக்கவே இருக்காது.

உள்வாய்க்குள் இரண்டு கல்தூண் நட்டுக் குறுக்கே கற்பலகை செருகியிருந்தால் அது பழைய குமிழித்தூம்பு. அருகில் குனிந்து பார்க்கச் சொல்லுங்கள். அடியில் ஒரு கல்தொட்டி. அதன் மேல்மூடியில் ஒரு துளை, அது நீரோடி. கீழே பக்கவாட்டில் சிறு துளைகள், அவை சேறோடி. மேல்துளையை அடைத்த குழவிக்கல்லையோ கட்டையையோ தூக்கினால் தெளிந்த நீர் மேல்துளை வழியே இறங்கும், அந்த இழுப்பில் வண்டல் கீழ்த்துளை வழியே வெளியேறும். தண்ணீர் நிறைந்திருக்கும்போது ஒரு ஆள் நீந்திப் போய், மூழ்கித்தான் திறக்க வேண்டும். அந்த வேலையைச் செய்த குடும்பம் எது, அதற்கு என்ன மானியம் இருந்தது, எப்போது நின்றது என்ற மூன்று கேள்வியும் அந்தக் கல்லைப் பார்த்த பிறகுதான் மாணவர் வாயில் வரும்.

தூணில் எழுத்து இருந்தால் சுண்ணாம்புப் பொடி, மாவு, எதையும் பூசக் கூடாது. கம்பியால் சுரண்டக் கூடாது. காலை ஏழு மணிச் சாய்வெயிலில் படம் எடுத்தால் எழுத்து எழும்பி நிற்கும். வெயில் தவறினால் பொழுது சாய்ந்தபின் டார்ச்சைக் கல்லோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடியுங்கள். மைப்படி எடுப்பது பழகியவர் வேலை. ஈரத்தாளைத் தூரிகையால் அடிக்கும்போது பொரிந்துபோன கல் கையோடு வந்துவிடும்.

பானை ஓடு, காசு கிடைத்தால் பையில் போடவே கூடாது. இடத்தோடு படம் எடுத்துவிட்டு விஏஓவிடம் சொல்ல வேண்டும். 1878 புதையல் சட்டம் பத்து ரூபாய் மதிப்புக்கு மேல் போனாலே கலெக்டருக்குத் தெரிவிக்கச் சொல்கிறது.

ஜூன் 16

*"ஊர்ப் பெரியவர்கள் பட்டியல் தலைவரிடம் வாங்கிவிட்டேன், பன்னிரண்டு பேர் சரியாக இருக்கிறார்கள்."*

அந்தப் பட்டியலை வாங்குங்கள், நன்றி சொல்லுங்கள், அதிலிருந்து நாலு பேரை மட்டும் எடுங்கள். தலைவர் கொடுக்கும் பட்டியல் பெரும்பாலும் ஒரே தெரு, ஒரே சாதி, எல்லாம் ஆண்கள். அந்தப் பன்னிரண்டு பேரும் ஒரே கதையைச் சொல்வார்கள், நீங்கள் அதை "ஊரின் நினைவு" என்று எழுதிவிடுவீர்கள்.

மீதி எட்டில் மடை திறந்த குடும்பம், கடைமடையில் நிலம் உள்ளவர், காலனியில் இரண்டு பேராவது, நாற்று நட்ட பெண்கள், கண்மாயில் துணி வெளுத்தவர், மீன்பாசிக் குத்தகை எடுத்தவர், கருவேலமரம் ஏலம் எடுத்தவர் வரவேண்டும். குடிதண்ணீர் ஊருணியில் யாருக்கு எந்தப் படித்துறை, யார் எப்போது முதலில் இறங்க முடிந்தது என்று கேட்காமல் ஒரு நீர்நிலையின் வரலாற்றை எழுதவே கூடாது. இந்தக் கேள்வியைத் தெருவில் நாலு பேர் நிற்கும்போது கேட்காதீர்கள். அவர் வீட்டுக்குள், அவர் சொல்லும் நேரத்தில் கேளுங்கள்.

ஜூன் 19

ஒலிப்பதிவு. செல்போனே போதும், ஆனால் விமானப் பயன்முறையில் போட்டுவிட்டு. நடுவில் அழைப்பு வந்தால் சில போன்களில் பதிவு நின்றுவிடும், யாரும் கவனிக்க மாட்டார்கள். வேவ் வடிவம், 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ். ஒற்றைத் தடத்தில் மணிக்குச் சுமார் 520 எம்பி. பன்னிரண்டு மணி நேரமும் ஆறேகால் ஜிபிக்குள் அடங்கும், ஒரு பென்டிரைவ் கணக்குத்தான்.

மைக் வாயிலிருந்து ஒரு சாண். மின்விசிறியை நிறுத்த முடியாது, புழுக்கத்தில் பெரியவரை வதைக்கக் கூடாது. விசிறிக்கு நேர் கீழே உட்காராமல் நகர்ந்து உட்காரலாம். ஆடி மாதம் ஒலிபெருக்கி கட்டியிருப்பார்கள், திருவிழா நாளைக் கேட்டுக்கொண்டு போங்கள். தொடக்கத்தில் தேதி, ஊர், பேசுபவர் பெயர், கேட்பவர் பெயர் சொல்லிவிட்டு அரை நிமிடம் சும்மா ஓடவிடுங்கள்.

வாட்ஸ்அப்பில் பதிவையும் படத்தையும் அப்படியே அனுப்பினால் சுருக்கிக் கெடுத்துவிடக்கூடும். ஆவணமாக இணைத்து அனுப்பச் சொல்லுங்கள். கோப்புப் பெயர் தேதியில் தொடங்கட்டும்: ஆண்டு, மாதம், நாள், குழு எண், வரிசை எண். "தாத்தா புதுசு 2" என்று பெயர் வைத்த கோப்பை மூன்று மாதம் கழித்து வைத்தவரே கண்டுபிடிக்க மாட்டார்.

ஜூன் 20

முதல் குறிப்பில் எட்டு மடங்கு என்று எழுதினேன். முழுப் பதிவையும் எழுத்தாக்கினால்தான் அது. பன்னிரண்டு நேர்காணலுக்கும் அதைச் செய்யச் சொல்லவில்லை, தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும். மூன்று நிமிடத்துக்கு ஒரு முறை நேரம் போட்டு, என்ன பேசினார் என்று இரண்டு வரி எழுதுங்கள். ஒரு மணி நேரப் பதிவு மூன்று மணி நேரத்தில் முடியும். பலகையில் போடப் போகும் பகுதியை மட்டும் சொல்லுக்குச் சொல் எழுதுங்கள். அப்போது வட்டார வழக்கைத் திருத்தாதீர்கள். "தண்ணி கட்டுறது"ஐ "நீர் பாய்ச்சுதல்" ஆக்கினால் பேசியவர் தன் குரலை அடையாளம் காண மாட்டார்.

மதிப்பெண்ணும் இதற்கே. எத்தனை நேர்காணல் என்று எண்ணிப் போட்டால் அவசரம் வந்துவிடும்.

ஜூன் 24

ஆண்டு கண்டுபிடிப்பது. யாரும் 1950கள் என்று பேச மாட்டார்கள். தாது வருஷப் பஞ்சம் என்று பாட்டன் சொன்னதைச் சொல்வார்கள் (1876–77). தனுஷ்கோடி அழிந்த புயல் (1964 டிசம்பர்), நயாபைசா வந்தது (1957 ஏப்ரல்), இந்திராவைச் சுட்டது (1984 அக்டோபர் 31), கஜா (2018 நவம்பர் 16) என்று ஒரு தாளில் எழுதி மாணவர் கையில் கொடுங்கள். "அதுக்கு முன்னாடியா பின்னாடியா, உங்களுக்குக் கல்யாணம் ஆயிருந்துச்சா?" என்று கேட்டால் இரண்டு மூன்று ஆண்டுக்குள் வந்துவிடும்.

காகிதத்தில் பசலி (வருவாய்க் கணக்கின் ஆண்டு) இருந்தால் 590 கூட்டுங்கள். பசலி 1357 என்றால் 1947 ஜூலை முதல் 1948 ஜூன் வரை. தமிழ் வருஷம் இருந்தால் பிரபவ 1867, 1927, 1987 என்று வைத்து எண்ணுங்கள். சர்வசித்து இருபத்தொன்றாவது, ஆக 1947.

ஜூன் 25

நேற்று எழுதியதில் ஒரு பிழைக்கு இடம் விட்டுவிட்டேன். சர்வசித்து 1947 சித்திரையில் பிறக்கிறது. தை, மாசி, பங்குனி எல்லாம் 1948. "சர்வசித்து மாசி" என்று தேதியிட்ட ஒரு கண்மாய்க் குத்தகைச் சீட்டை 1947 என்று பலகையில் போட்டால், சமஸ்தானம் இணைந்த மாதத்துக் காகிதத்தை ஒரு வருஷம் முன்னால் தள்ளிவிடுகிறீர்கள். அந்தச் சீட்டின் முக்கியத்துவமே போய்விடும். இன்னொரு ஆபத்தும் உண்டு: 1887இலும் ஒரு சர்வசித்து இருக்கிறது. தாள், மை, முத்திரை, கையெழுத்திட்டவரின் தலைமுறை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துத்தான் அறுபது வருஷத்தைத் தீர்க்க வேண்டும்.

தமிழ் எண்களையும் ஒரு வகுப்பில் நடத்திவிடுங்கள். ௧ஐ க என்றும், ௨ஐ உ என்றும், ௭ஐ எ என்றும் படித்துவிட்டு "ஏதோ சுருக்கெழுத்து" என்று எழுதி வருகிறார்கள். அரைக்கால், மாகாணி, முந்திரியும் தேவைப்படும். பங்குத் தண்ணீர் கணக்கு முழுக்க அதில்தான் இருக்கும்.

ஜூலை 2

*"விஏஓ அலுவலகத்தில் 1980க்கு முந்தைய கணக்கு ஒன்றுமே இல்லை என்கிறார்கள்."*

கர்ணம், மணியம் பதவிகளை ஒழித்தது 1980இல்தான். பல ஊர்களில் பழைய கணக்கு கர்ணம் வீட்டுப் பரணிலேயே தங்கிவிட்டது. வீட்டாரிடம் கேளுங்கள், ஆனால் "அரசாங்கச் சொத்து" என்ற சொல்லை எடுக்காதீர்கள். பயந்துபோய் இல்லை என்பார்கள், அடுத்த வாரம் பழைய பேப்பர்காரரிடம் போய்விடும்.

மூலத்தை வீட்டைவிட்டு வெளியே கொண்டுவரக் கூடாது. ஒரு நாள் என்றுகூட வேண்டாம். ஸ்கேனரையும் மடிக்கணினியையும் திண்ணைக்குக் கொண்டுபோங்கள். காகிதம் 300 டிபிஐ, போட்டோ 600, டிஃப் வடிவம். ஸ்கேனரில் வைக்க முடியாத தைத்த கணக்கு என்றால் மேலிருந்து நேராகப் படம்: ஃபிளாஷ் வேண்டாம், இரு பக்கமும் சாய்வாக வெளிச்சம், ஓரத்தில் ஒரு அடிக்கோல். வெற்றுப் பக்கத்தையும் எடுங்கள். ஓலைச்சுவடி வந்தால் பிரிக்காதீர்கள், எண்ணெய் தடவாதீர்கள், பழகியவரைக் கூப்பிடுங்கள். 75 ஆண்டு கடந்த கையெழுத்துப் பிரதி 1972 தொல்பொருள் சட்டத்துக்குள் வரலாம் என்பதும் தெரிந்திருக்கட்டும்.

முன்மாதிரி இருக்கிறது. பிரித்தானிய நூலகத்தின் அழிவிலுள்ள ஆவணங்கள் திட்டத்தில் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தார் தமிழ்நாட்டு ஊர்களில் வீடுகளில் கிடந்த வேளாண் காகிதங்களைப் படியெடுத்தார்கள். மூலம் நாட்டைவிட்டு வெளியேறாது, படி ஒன்று இங்கேயே இருக்கும் என்பது அந்தத் திட்டத்தின் விதி. உங்கள் அளவில் அதை "மூலம் வீட்டைவிட்டு வெளியேறாது" என்று சுருக்கிக்கொள்ளுங்கள்.

ஜூலை 3

*"கண்மாயை வெட்டியது எங்கள் வகையறாதான் என்று புத்தகத்தில் போட வேண்டும் என்கிறார் ஒருவர். போட்டால் தவறா?"*

அவர் சொன்னார் என்று போடலாம். நீங்கள் சொல்வதாகப் போடக் கூடாது. கல்லூரி முத்திரையோடு அச்சான ஒரு வரி நாளை முதல் மரியாதை வழக்கிலோ மீன்பாசி ஏலத் தகராறிலோ சாட்சியாகப் போய் நிற்கும். அச்சடித்தவர் ஊரில் இருக்க மாட்டார், அடி வாங்குபவர்கள் இருப்பார்கள். இரண்டு வகையறா இரண்டு கதை சொன்னால் இரண்டையும் ஒரே பலகையில், ஒரே எழுத்தளவில் போடுங்கள். ஆவணம் எந்தக் கதையையாவது மறுத்தால் ஆவணத்தின் படத்தையும் பக்கத்தில் வையுங்கள்.

அச்சுக்கு முன் வாசித்துக் காட்டுவது கட்டாயம். ஒவ்வொருவருக்கும் அவர் பகுதியைத் தனியாக, பிறகு முழுவதையும் பொதுவில். சொன்ன திருத்தம், சொன்னவர், ஏற்றோமா, ஏன் ஏற்கவில்லை என்று ஒரு நோட்டு. மாணவர் எழுதும் கட்டுரையைவிட இந்த நோட்டுக்கு அதிக மதிப்பெண் கொடுப்பேன்.

ஜூலை 11

கண்காட்சியைக் கல்லூரியில் வைக்காதீர்கள். பார்க்க வேண்டியவர்கள் ஊரில் இருக்கிறார்கள். ஊரிலும் கோயில் மண்டபம் வேண்டாம், எல்லாரும் ஏற முடியாத இடமாக இருந்தால் பலகையில் என்ன எழுதினாலும் பயன் இல்லை. பள்ளிக்கூடம், கிளை நூலகம், ரேஷன் கடை வாசல் நல்லது. ரேஷன் கடை வரிசையில் நிற்கும் இருபது நிமிடத்தில் முழுப் பலகையும் படித்துவிடுவார்கள்.

பலகைக்கு 80 சொல்லுக்கு மேல் வேண்டாம். வெயிலில் தொங்கினால் ஃபிளெக்ஸ் பொரிந்துவிடும், சன்போர்டில் ஒட்டிக் கூரைக்குள் வையுங்கள். பலகையின் நடு, தரையிலிருந்து நாலரை அடி. இடுப்பு வளைந்த பாட்டிக்கு அதுவே உயரம்.

அச்சகத்தில் யூனிகோடு கோப்பைத் திறந்தால் பழைய எழுத்துருவுக்கு மாற்றுவார்கள், கொம்பும் துணைக்காலும் இடம் மாறும், ஸ்ரீ கட்டமாகும். எழுத்தை வடிவமாக மாற்றிய பிடிஎஃப் கொடுங்கள். அப்படியும் ஒரு பலகையை மட்டும் முதலில் அடித்துப் பாருங்கள். ஆள்பெயரில் ஒரு எழுத்து பிசகினால் அந்த வீடு முழுக்க வருந்தும்.

ஜூலை 13

சம்மதம் பற்றி விட்டுவிட்டேன், பதிவுக்கு முன்பே எழுதியிருக்க வேண்டியது. ஒரே கையெழுத்து போதாது. வகுப்புக்கு மட்டுமா, ஊருக்குள் காட்டலாமா, இணையத்தில் போடலாமா என்று மூன்று தனிக் கேள்வி. படித்துக் காட்டி, பதிலையும் ஒலியாகப் பதியுங்கள். பலர் முதல் இரண்டுக்குச் சரி என்று மூன்றாவதுக்கு வேண்டாம் என்பார்கள், அதை அப்படியே மதியுங்கள். அச்சுக்குப் பதினைந்து நாள் முன்வரை வேண்டாம் என்று சொல்லலாம் என்பதையும், யாரிடம் சொல்வது என்பதையும் ஒரு துண்டுச் சீட்டில் கொடுங்கள். அதில் உங்கள் எண்ணோடு துறை அலுவலக எண்ணும் இருக்கட்டும். ஏப்ரலுக்குப் பிறகு உங்கள் எண்ணால் பயனில்லை.

ஜூலை 28

*"ஏப்ரலுக்குப் பிறகு எல்லாம் துறையின் டிரைவில் இருக்கும், அது போதாதா?"*

அந்த டிரைவ் யார் கணக்கில் இருக்கிறது? உங்கள் கல்லூரி மின்னஞ்சலில் என்றால் ஒப்பந்தம் முடிந்ததும் கணக்கை மூடுவார்கள், பதிவும் போகும். ஜனவரிக்கு முன்பே மூன்று இடத்தில் படி இருக்க வேண்டும்: கல்லூரி நூலகத்தில் சேர்க்கை எண் போட்டு ஒரு ஹார்ட்டிஸ்க், ஊரில் ஒன்று, துறையில் நிரந்தரப் பணியில் உள்ள ஒருவர் பொறுப்பில் ஒன்று. ஊருக்குப் பென்டிரைவ் மட்டும் கொடுத்தால் அது மேசை இழுப்பறையில் தூங்கும். காகிதத்தில் கொடுங்கள்: பலகைகள், நேரக்குறிப்புச் சுருக்கங்கள், நடை வரைபடம், படங்களின் அச்சு. பேசிய ஒவ்வொருவர் வீட்டுக்கும் அவர் குரல் தனியாக, அவர் பேரன் போனில் ஏற்றி.

இன்னொரு நோட்டு இப்போதே தொடங்குங்கள், வாக்குக் கொடுத்த நோட்டு. யார் வீட்டில் எந்த மாணவர் "போட்டோ பிரிண்ட் போட்டுத் தருகிறேன்", "பட்டா விஷயம் கேட்டுச் சொல்கிறேன்" என்று சொன்னார் என்று தேதியோடு. பட்டா விஷயம் உங்களால் முடியாது என்றால் முடியாது என்று அடுத்த தடவையே போய்ச் சொல்ல வேண்டும். அடுத்த ஆண்டு இன்னொரு போஸ்ட்டாக் அதே தெருவுக்குப் போகும்போது, கதவு திறப்பதும் திறக்காததும் இந்த நோட்டில் அடிக்காத வரிகளைப் பொறுத்தது.

ஜனவரி 26இல் தலைவரிடம் முன்கூட்டியே சொல்லித் தீர்மானப் புத்தகத்தில் ஒரு வரி எழுத வையுங்கள்: பலகை எத்தனை, கோப்பு எத்தனை, பெட்டி எந்த அறையில், சாவி யாரிடம், கல்லூரி நூலகச் சேர்க்கை எண் என்ன, இணையத்தில் போடக் கூடாதவை எவை. அதன் நகலில் முத்திரை வாங்கிப் பெட்டியின் மூடிக்கு உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். வெளிப்பக்கம் ஒட்டினால் கரையான் முதலில் அதைத்தான் தின்னும்.